வியாழக்கிழமை வரைக்கும்

வலி குறைந்துவிட்டது. அப்படித்தான் சொல்லவேண்டும், வேறு எப்படிச் சொல்ல. நேற்று இந்நேரம் இடுப்பிலிருந்து இரண்டு கால் வழியாகவும் சூடு இழுத்த மாதிரி இருந்தது, தும்மினால் பின்னந்தொடையில் போய்த் தைத்தது, தும்மல் வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு சாமியைக் கும்பிட்டேன். இன்று அது இல்லை. சோறு தின்றேன், மாத்திரை போட்டேன், கட்டிலில் மல்லாந்து படுத்தேன், முழங்காலுக்கு அடியில் தலையணை, மேலே காத்தாடி. கரண்ட் போய்விட்டதால் காத்தாடி நிற்கிறது. மூன்று இறக்கையில் ஒன்றில் மட்டும் அழுக்கு அப்பியிருக்கிறது. அது ஏன், மூன்றும் ஒரே காற்றில்தானே சுற்றுகிறது. எழுந்து துடைத்துவிடலாம் என்று தோன்றி, தோன்றியதுமே சிரிப்பு வருகிறது. சிரித்தால் இடுப்பு ஆடும் என்று பாதியில் அடக்கிக்கொள்கிறேன். அடக்குவதில் நான் கெட்டிக்காரி. அன்றைக்கும் அப்படித்தானே, கடையில் சேலை எடுக்க வந்த ஒரு அம்மாள் அடுக்கைக் கைகாட்டி, அந்தா அடியில இருக்குல்லா மயில்கழுத்துக் கலரு, அதை எடும்மா என்றாள். மேலே இருக்கிறதெல்லாம் கண்ணுக்குப் படாது, அடியில் இருப்பதுதான் வேண்டும், பட்டுப் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு அது ஒரு வியாதி. குனிந்து, மேலே இருந்த சேலைக்கட்டை இடக்கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலக்கையால் உருவினேன். உள்ளே என்னவோ ஒன்று இடம் மாறியது. சத்தமில்லை. நிமிர முடியவில்லை, ஆனால் நிமிர்ந்தேன், சிரித்தேன், முந்தானையை விரித்து ஜரிகையைக் காட்டினேன். கையில் ஓடும் அளவுக்கு வேர்த்தது, பட்டில் வேர்வை படக்கூடாதே என்று அதைத்தான் நினைத்தேன். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, இது மயில்கழுத்து இல்லையே, கிளிப்பச்சைல்லா என்று போய்விட்டாள். மடித்து அதே இடத்தில் வைக்க மறுபடியும் குனிந்தேன். வைத்தேனா, யாராவது வைத்தார்களா, அது மட்டும் நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் முதுகு டாக்டர் வியாழக்கிழமைதான் வருவாராம். அதுவரைக்கும் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு தெரபிப் பெண்ணை அனுப்பினார்கள். சின்னப் பெண், கையில் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள், என் இடுப்பைத் தொட்டபோது வளையல் குளிர்ந்தது. எழும்போது நேராக எழக்கூடாது, ஒருக்களித்துத் திரும்பி, முழங்காலை ஒட்டி வைத்து, கையை ஊன்றி எழவேண்டும். குனியக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது. அதற்காகக் கட்டையாகப் படுத்தே கிடக்கவும் கூடாது, அவ்வப்போது எழுந்து அடுப்படி வரைக்கும் நடந்துவிட்டு வரவேண்டும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்து எடுக்கலாம், அதன் மேல் படுக்கக்கூடாது. யாரையும் மிதிக்க விடாதீங்க, சுளுக்கு எடுக்க விடாதீங்க. மாத்திரை வெறும் வயிற்றில் வேண்டாம். இத்தனையையும் விரல் மடக்கி மடக்கிச் சொன்னாள். அப்புறம் கடைசியாக ஒன்று. அதற்குக் குரலைத் தணித்தாள், என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார் இல்லையா, அவரும் புரிந்துகொண்டு சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். "அக்கா, உக்கார்ற எடம் மரத்துப்போன மாதிரி இருந்தாலோ, யூரின் வராம நின்னாலோ, வர்றதே தெரியலைன்னாலோ வியாழக்கிழமைக்குக் காத்திருக்காதீங்க. ராத்திரியோ பகலோ ஓடி வந்துருங்க. நரம்பு அமுங்கிட்டா அப்புறம் அந்த சொரணை திரும்பாமலே போயிரலாம்." தலையை ஆட்டினேன். எல்லாவற்றுக்கும் ஆட்டினமாதிரியே அதற்கும் ஆட்டினேன். அது வேறு யாருக்கோ சொல்வது என்று பட்டது. முடியாதவர்கள், வயசாளிகள், படுக்கையில் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு. எனக்கு வலிதான். அந்த வலியும் இப்போது இல்லை.

மூத்திரம் வராமல் நிற்பதாம். எனக்கா. கடையில் போய்க் கேட்டால் சொல்வார்கள். பட்டுப் பிரிவு மூன்றாம் மாடி, பெண்களுக்கான கக்கூஸ் கீழே குடோனைத் தாண்டி, லிஃப்டு வாடிக்கையாளருக்கு மட்டும். போகவேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் கேட்கவேண்டும், வாடிக்கையாளர் காதில் விழக்கூடாது என்பதால் அதற்கு ஒரு பாஷை, ஸ்டாக் பாத்துட்டு வாரேன் சார் என்று. அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இப்பதானம்மா ஸ்டாக் பாத்தீங்க, ஒங்களுக்கு மட்டும் எம்புட்டு ஸ்டாக்கு என்பார், பக்கத்துப் பிரிவில் நிற்கிற பையன்கள் சிரிப்பார்கள். சேர்ந்த புதிதில் ஒரு தீபாவளி நெருக்கத்தில் கேட்கப் பயந்து நின்று, கண்ணில் நீர் முட்டி, ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு முன்னால் கால்மேல் கால் பின்னிக்கொண்டு சேலை விரித்தேன். அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனி யாரிடமும் கேட்பதில்லை. காலையில் காப்பியோடு சரி, பிறகு தொண்டை நனைக்க மட்டும் தண்ணீர். வந்தால் வரட்டும், நான் ஒருத்தி அங்கே இல்லாத மாதிரி வேறு எதையாவது நினைக்கவேண்டும், ஜரிகை எடை, தள்ளுபடிக் கணக்கு, மகன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் என்ன தின்றானோ. கொஞ்ச நேரம் முட்டும், பிறகு அதுவே அலுத்துப்போய் அடங்கிவிடும். காலையில் ஏறினால் இரவு கடை மூடி வீட்டுக்கு வந்துதான். புதுப்பெண்கள் என்னிடம் வந்து, எப்படிக்கா, எங்களுக்கும் சொல்லித்தாங்க என்பார்கள். கூட வேலை பார்க்கிற ஜெசிந்தா எனக்குப் பட்டமே வைத்துவிட்டாள், வடிவக்கா நம்ம மணிமுத்தாறு டேமுல்லா, மழை பெய்ஞ்சா கூட ஷட்டரைத் தெறக்க மாட்டாவ. எனக்கு அதில் பெருமைதான். இல்லையென்று சொன்னால் பொய். படித்துப் பட்டம் வாங்கவில்லை, ஆடவும் பாடவும் தெரியாது, எனக்கென்று ஒரு சாமர்த்தியம் இருந்தது. இன்றைக்கும் பாருங்கள், காலையில் ஒரு தடவை மெல்ல நடந்து போய் உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை, சரி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அதற்கப்புறம் முட்டவே இல்லை. எழுந்து போவது பெரிய பாடு, ஒருக்களிக்கவேண்டும், ஊன்றவேண்டும், சுவரைப் பிடிக்கவேண்டும், அந்தப் பாடெல்லாம் மிச்சம். கடை சொல்லிக்கொடுத்த வித்தை கட்டிலிலும் உதவுகிறது.

போன் அடிக்கிறது. தலைமாட்டில்தான் இருக்கிறது, கையை மட்டும் நீட்டி எடுக்கிறேன், இதுவும் அந்தப் பெண் சொன்னதுதான், எட்டி எடுக்கும்படி எதையும் வைக்காதீங்க என்று. அவர்தான். லோடு ஆட்டோவில் தென்காசிக்கு வாழைக்காய் ஏற்றிப் போயிருக்கிறார், பின்னால் யாரோ எதையோ இறக்குகிற சத்தம். "எப்படி இருக்கு?" "கொறைஞ்சிருக்கு." "பாத்தியா, நான் சொன்னம்லா, படுத்தா சரியாப்போவும்னு. கால்ல இழுப்பு?" "இல்ல. ஒண்ணுமே தெரியல." "அதுதான் வேணும். மாத்திரை நல்ல மாத்திரைதான் போல. சாப்புட்டியா?" "ஒங்க அக்கா போட்டுத் தந்தாவ. மோரு, கஞ்சி, தண்ணி எல்லாம் குடிச்சேன். வயிறுதான் கல்லு மாதிரி இருக்கு." "மாத்திரைக்கு வாயு வரும். ஓமத்தண்ணி போடச் சொல்லு." வைத்துவிட்டார். ஒண்ணுமே தெரியல என்று சொன்னேனே. அதை அவர் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டார், நானும் நல்ல சேதியாகத்தான் சொன்னேன். போனைப் பழைய இடத்தில் வைக்கும்போது கை அடிவயிற்றில் பட்டது. தொப்புளுக்குக் கீழே புடைத்து, கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி இறுகிக் கிடக்கிறது. அமுக்கிப் பார்த்தேன். வலிக்கவில்லை. வாயு என்றால் அமுக்கும்போது நகருமே. மோர் குடித்தேன், கஞ்சி குடித்தேன், மாத்திரைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன், கடையில் ஒருநாளும் இப்படிக் குடித்ததில்லை. அதெல்லாம் எங்கே போயிற்று. வேர்த்திருக்கும். கரண்ட் இல்லை, வேர்க்கத்தானே செய்யும். நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், காய்ந்துதான் இருக்கிறது.

இந்நேரம் மைனி, தெய்வானையைக் கூட்டிவர அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். மைனி என்றால் அவருடைய அக்கா, சொர்ணம். எனக்கு முடியவில்லை என்றதும் பாளையங்கோட்டையில் தன் வீட்டைப் போட்டுவிட்டு வந்து பொங்கிப் போடுகிறாள், என் உள்பாவாடையைக் கூட அலசிப் போட்டாள், அந்த மனுஷியை எதிர்த்து நான் எப்படிப் பேச. தெய்வானை கால் முன்னால் பிறந்தவளாம். தலை திரும்பாமல் காலால் வந்த பிள்ளை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு இறங்கும் என்பது இங்கே ஊரறிந்த வைத்தியம். தையல் கூடத்தில் வேலை பார்க்கிறவள், வேலை முடிந்து போகும் வழியில் யார் வீட்டிலாவது கூப்பிட்டால் வந்து மூன்று மிதி மிதித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவாள், காசு வாங்கமாட்டாள். "எங்க வீட்டு மாமா நட்டமா நிக்க ஏலாமக் கெடந்தாவ," என்றாள் மைனி. "இவ காலு பட்டுச்சு, மறுநாளு எந்திச்சு மார்க்கெட்டுக்குப் போனாவ. ஒன் டாக்டர் வியாழக்கெழம வரட்டும், அதுக்குள்ள நீயே நடந்து போய்க் கதவைத் தெறப்ப." நான் தெரபிப் பெண் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன், யாரையும் மிதிக்க விடாதீங்க என்றாளே. மைனி அதற்குள் வெந்நீர்ப் பையோடு வந்துவிட்டாள். மேல வெச்சா சூடு எறங்காது, அடியில வெய்யி என்று இடுப்புக்குக் கீழே திணித்தாள். சரி என்று கிடந்தேன். போகும்போது துண்டு நழுவுது பாரு என்றாள், அதற்கும் சரி என்றேன். என் வாயில் சரி தவிர வேறு சொல் கிடையாது போல. பை கொஞ்ச நேரத்திலேயே ஆறிவிட்டது. கோயில் கடையில் வாங்கினது, மலிவு ரப்பர், இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

தெரியவில்லை. எத்தனை தடவை இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன் இன்றைக்கு. மரத்துப்போவது எனக்குப் புதிதா என்ன. சாயங்காலம் ஆனால் கடையில் பாதம் இருக்காது, அதை எண்ணெய் தேய்த்து இரவில்தான் திரும்ப வரவழைப்பேன். சிரித்துச் சிரித்துக் கன்னம் இருக்காது. சூப்பர்வைசர், சொரணை இருக்கா ஒங்களுக்கெல்லாம் என்று கத்தும்போது காது இருக்காது. மாமியார் செத்த அன்றைக்கு எல்லாரும் மாரில் அடித்து அழுதபோது எனக்கு ஒன்றும் வரவில்லை, மறுநாள் கடைக்குப் போய்ச் சேலை மடிக்கும்போது வந்தது. எல்லாம் பிந்தித்தான் வரும், ஆனால் வந்துவிடும். இதுவும் வந்துவிடும். அப்படித்தானே. ஆனால் இந்த விரல்கள் இருக்கின்றனவே, கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் அசல் பட்டா கலப்பா என்று சொல்லிவிடும், வாடிக்கையாளர் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். விரலைக் கொண்டுபோய் இடுப்புக்குக் கீழே வைக்கிறேன். சேலை தெரிகிறது, விரலுக்குத் தெரிகிறது. சேலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எனக்கு விரல் வந்தது தெரியவில்லை. கிள்ளுகிறேன். யாருடைய சதையையோ கிள்ளின மாதிரி இருக்கிறது. பக்கத்துத் தொடையில் கிள்ளினால் சுரீர் என்கிறது, கொஞ்சம் உள்ளே தள்ளிக் கிள்ளினால் மந்தம், இன்னும் உள்ளே போனால் ஆளே இல்லை. விரல் மடக்கிச் சொன்னாளே, கடைசி விரல். உக்கார்ற எடம் என்றாள். நான் இப்போது உட்காரவில்லையே, படுத்துத்தானே இருக்கிறேன், உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும். காலையில் உட்கார்ந்தேன். அந்தப் பீங்கான் குளிருமே, எப்போதும் முதலில் குளிருமே, காலையில் குளிர்ந்ததா. இல்லை. குளிரவில்லை. பயமாக இருக்கிறது. பயம் என்றால் நெஞ்சு அடிக்கவேண்டும், அதுவும் அடிக்கவில்லை, எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ பயப்படுகிற மாதிரி இருக்கிறது. மைனி வந்ததும் சொல்லவேண்டும். எப்படிச் சொல்ல, என்ன சொல்லால் சொல்ல. கூட வருகிறவள் முன்னால் எப்படி. நாளை சொல்லலாம். நடுவில் ஒருநாள்தான், அப்புறம் டாக்டரே வந்துவிடுவார், அவர் கேட்பார், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். கேட்காமல் நானாக ஏன்.

கதவு திறக்கிற சத்தம். "ஏட்டி வடிவு, முழிச்சிருக்கியா? தெய்வானை வந்திருக்கா." தெய்வானை கதவோரம் நின்று சிரிக்கிறாள், தோளில் நூல் ஒட்டியிருக்கிறது, நல்ல களையான முகம். காலைக் கழுவிவிட்டு வந்திருக்கிறாள், நடந்த இடமெல்லாம் ஈரத் தடம். மைனி விளக்கெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றுகிறாள். "குப்புறத் திரும்பு பாப்பம், மெதுவா, மெதுவா." ஒருக்களிக்கிறேன், முழங்காலை ஒட்டி வைத்து, கையை ஊன்றி, அந்தப் பெண் சொன்னமாதிரியே எவ்வளவு ஒழுங்காகத் திரும்புகிறேன், எதற்குத் திரும்புகிறேன். முகம் தலையணையில் புதைகிறது. ஒரு கண்ணுக்குத் தெய்வானையின் கால் தெரிகிறது, மெட்டி, வெடித்த குதிகால், எண்ணெயில் தோய்ந்து பளபளக்கிறது. "நடுவுல வெச்சு கீழ இழுக்கணும், என்னா?" என்கிறாள் மைனி. கால் தரையைவிட்டு எழுகிறது. மைனி கட்டிலில் கிடந்த பையை ஒதுக்கப் போனவள் கையை உதறுகிறாள். "யாத்தீ! ஏட்டி, இது இப்பமும் இந்தச் சுடு சுடுது! துண்டு ஒருபக்கம் கெடக்கு. இது மேலயா இம்புட்டு நேரம் கெடந்த? ஒனக்குச் சுடலியா?" சேலையை விலக்கிப் பார்த்திருக்கவேண்டும், சின்னக் குரலில், "சதை வெந்து கெடக்குட்டி," என்கிறாள். அப்படியென்றால் பை ஆறவில்லை. ரப்பர் நல்ல ரப்பர்தான். என் வாயில் ஸ்டாக் பார்க்கப் போகணும் என்றுதான் முதலில் வருகிறது, நாக்குக்கு அந்த ஒரு பாஷைதான் தெரியும். அதை முழுங்கிவிட்டுத் தலையணைக்குள் சொல்கிறேன். கேட்கவில்லை போலிருக்கிறது, "என்னா?" என்கிறாள் மைனி. முகத்தைத் திருப்பி, இரண்டு பேருக்கும் கேட்கும்படி, தெருவுக்கே கேட்டாலும் கேட்கட்டும் என்று சொல்கிறேன். "மூத்திரம் வரல மைனி. நேத்து ராத்திரியில இருந்து வரல. வரணும்னும் தோணல. பின்னால ஒண்ணுமே தெரியல, தொட்டாத் தெரியல, கிள்ளுனாத் தெரியல. அந்தப் பிள்ள சொன்னா, இப்படி ஆனா ஓடி வந்துரணும்னு. என்னைக் கூட்டிட்டுப் போங்க." தெய்வானை காலை மெல்லத் தரையில் வைக்கிறாள். "இது என் காலுக்கு அடங்குனது இல்லக்கா," என்கிறாள் மைனியிடம். "நான் போயி ஆட்டோ பிடிச்சாரேன்." எண்ணெய்க் காலோடு வழுக்கி வழுக்கி வாசலுக்கு ஓடுகிறாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடக்கிறது, சினிமாவில் வேறு யாருக்கோ நடப்பதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இளவட்ட டாக்டர் ஒருத்தர் குண்டூசியால் குத்திக் குத்தி, இங்க, இங்க என்று கேட்டார், குத்தும்போதெல்லாம் நான் எப்போது குத்துவார் என்று காத்திருந்தேன். படம் எடுத்தார்கள். பெரிய டாக்டரிடம் போனில் பேசினார்கள், அவர் மதுரையிலிருந்து கிளம்பிவிட்டாராம், இன்றைக்கே ஆபரேஷன். எல்லாம் திரும்பி வருமா என்று மைனி கேட்டதற்கு அந்த டாக்டர், இப்பச் சொல்ல முடியாதும்மா, வியாழக்கிழமை வரைக்கும் படுத்திருந்தாங்கன்னா வராதுன்னே சொல்லிருப்பேன் என்றார். மைனி அதற்கப்புறம் என் கையை விடவில்லை. என் வீட்டுக்காரர் தென்காசியிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். இப்போது நர்ஸம்மா திரையை இழுத்துவிட்டு ட்யூப் போடுகிறாள். போட்டுவிட்டாளா என்று கேட்க நினைக்கிறேன், அதற்குள் கட்டிலுக்குக் கீழே பையில் விழுகிற சத்தம் கேட்கிறது. நின்றுவிடும், நின்றுவிடும் என்று பார்க்கிறேன், நிற்கவில்லை. என்னுடையது, எனக்குச் சத்தம் மட்டும்தான் வருகிறது. நர்ஸம்மா குனிந்து பார்க்கிறாள், நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள், மறுபடியும் குனிகிறாள், இன்னொரு பையை எடுத்துவரச் சொல்லி யாரையோ கூப்பிடுகிறாள்.

"ஏக்கா, இம்புட்டையும் வெச்சுக்கிட்டு எப்படிக்கா இருந்தீங்க?"

"பழக்கந்தான்," என்கிறேன். கடையில் புதுப்பெண்கள் கேட்கும்போது சொல்கிற அதே குரலில்தான் சொல்கிறேன், சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது, அடக்கத் தெரியவில்லை.